கண் கிணறும் கிணத்து அண்ணையும்

லண்டன் மாநகரத்தில் குழாய்த் தண்ணீரை நம்பாத பிளம்பர் ஒரே ஒருவர்தான் உண்டு. அவரும் எங்கள் ஆர்ச்வேயில்தான் இருக்கிறார். ஊருக்கெல்லாம் குழாய் பொருத்திக் கொடுப்பார். தனக்குத் தலையிடித்தால் மட்டும் அயர்லாந்திலிருந்து போத்தலில் கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீரை எடுத்து நெற்றியில் தடவிக்கொள்வார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கும் கவுன்சிலுக்கும் மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் கிணத்து அண்ணை.

நான் மலேசியாவில் கிள்ளானில் பிறந்து, மருந்தியல் படிக்க இங்கே வந்து, திரும்பிப் போக மறந்தவள். முருகன் கோயில் மேட்டிலிருந்து இறங்கி வந்தால் முதலில் வரும் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். அண்ணையின் பக்தி தொடங்கிய நாளுக்கு நானே சாட்சி.

அன்று காலை முழங்கால் வலி என்று கடைக்கு வந்தார். இரண்டு மாத்திரை கொடுத்தேன். விழுங்கிவிட்டு, ஒரு ஐரிஷ் மூதாட்டி வீட்டில் கொதிகலன் பழுதுபார்க்கப் போனார். அவர் நொண்டுவதைப் பார்த்த மூதாட்டி, தன் ஊர்ப் புனிதக் கிணற்றின் தண்ணீர் என்று ஒரு சிறு போத்தலைத் திறந்து முழங்காலில் தேய்க்கச் சொன்னாராம். மாலையில் அண்ணை என் கடைக்குள் ஏறக்குறைய ஓடியே வந்தார். மாத்திரையைப் பற்றி மெல்ல நினைவுபடுத்தினேன்.

"பிள்ளை, மாத்திரை எத்தினை வருசமாப் போடுறன்? தண்ணி இண்டைக்குத்தானே போட்டது" என்றார்.

அதன்பிறகு விடுமுறை என்றாலே அயர்லாந்துதான். ஹோலிஹெட் துறைமுகம் வரை அவருடைய வேலை வான் வண்டி, அங்கிருந்து கப்பல். பல்வலிக்கு ஒரு கிணறு, மருவுக்கு ஒன்று, பிள்ளைப்பேற்றுக்கு ஒன்று என்று மனதுக்குள் ஒரு வரைபடமே வைத்திருந்தார். அங்கேயும் கிணற்றை வலமாகத்தான் சுற்ற வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும், சுற்றுக்கு ஒரு கூழாங்கல் போட்டு எண்ணிக்கை வைக்க வேண்டும், பக்கத்து மரத்தில் துணி கட்டி வேண்டிக்கொள்ள வேண்டும். அந்தத் துணி உக்க உக்க நோயும் போகுமாம். பொலியெஸ்டர் கட்டினால் நோய் போகவே போகாது என்று கண்டுபிடித்தது மட்டும் அண்ணையின் சொந்த ஆராய்ச்சி.

இதையெல்லாம் அவர் வீட்டோடு வைத்திருந்தால் எனக்குத் தொல்லையில்லை. என் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். இருமல் மருந்து வாங்க வந்தவரிடம் இருமலுக்கு அயர்லாந்தின் எந்த மாவட்டத்தில் கிணறு என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒருமுறை ஒரு பெண், நான் கொடுத்த மருவுக் களிம்பைத் திருப்பித் தந்துவிட்டு, டப்ளினுக்கு எப்போது கப்பல் என்று என்னிடமே கேட்டாள்.

புனிதக் கிணற்றுத் தண்ணீர் கொதிக்காது என்று அயர்லாந்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை நிரூபிக்கிறேன் என்று ஒருநாள் என் மதிய இடைவேளையில் கடையின் கெட்டிலில் ஒரு போத்தலை ஊற்றினார். இரண்டு நிமிடத்தில் கெட்டில் சீட்டியடித்தது. அண்ணை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஆராவது சந்தேகப்பட்டால் கிணறு கோபித்துக்கொள்ளும் என்று சொல்லி என்னைப் பார்த்தார். அவமதித்தால் கிணறு இரவோடிரவாக இடம் மாறிப் போய்விடுமாம். என்னால் எங்கோ ஒரு கிணறு மூட்டை கட்டிவிட்டது என்ற குற்ற உணர்வோடு தேநீர் குடித்தேன்.

போன வருடம் என் சமையலறைக் குழாயை மாற்றித் தந்தார். அவர் போனபின் திறந்தால், குளிர் பக்கத்தில் கொதிநீர் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாரம் வானைக் கொண்டுபோய் ஒரு விளக்குக் கம்பத்தில் மோதினார். அப்போது சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் போகும்வரை பொறுத்து நின்றார். அண்ணையின் இரண்டு கண்ணிலும் புரை. ஒப்பரேசனுக்கு நாள் வைத்துக் கடிதம் வருகிறதாம்; அண்ணை போக மறுக்கிறாராம்.

"மூண்டு கடிதம் வந்திட்டுது. கண் கிணறு ஒண்டு இருக்காம், அங்க போனால் காணுமாம், வேற ஒண்டும் வேண்டாமாம்" என்றார் அக்கா. "ராவில எழும்பிச் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறார். நான் நித்திரை எண்டு நினைச்சுக்கொண்டு."

அன்று மாலையே அவரிடம் பேசினேன். வாதாடிப் பார்த்தேன், படம் வரைந்து காட்டினேன். மசியவில்லை. கடைசியில், கண் கிணற்றுக்கு நானே வானை ஓட்டி வருகிறேன், திரும்பி வந்து ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுவோம் என்றேன். நான் வானை ஓட்டி வருவது வரைக்கும் உடனே ஒத்துக்கொண்டார்.

மூவரும் முன் சீட்டில் நெருங்கி உட்கார்ந்து போனோம். அக்கா மடியில் புட்டுப் பார்சல். மேற்கு அயர்லாந்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு மாட்டுப் பண்ணையின் ஓரத்தில், கல் கட்டிய ஒரு சிறு ஊற்று. அண்டா அளவுதான் இருக்கும். பக்கத்து முள்மரத்தில் துணிகளோடு பழைய மூக்குக் கண்ணாடிகளும் தொங்கின. அண்ணை செருப்பைக் கழற்றினார். முதல் சுற்றிலேயே கல் தடுக்கியது. நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். கூழாங்கல்லை அவர் வைக்க நினைத்த இடம் ஒன்று, வைத்த இடம் வேறு. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பண்ணைக்காரப் பெண்மணி ரப்பர் பூட்ஸோடு வந்து, கண்ணுக்காகவா என்று கேட்டார். தன் கணவருக்கும் புரைதான் என்றார். இங்கே வந்து சுற்றிவிட்டுத்தான் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒப்பரேசனுக்குப் போனாராம். சுற்றாமல் காரில் ஏறவே மாட்டேன் என்று நின்றாராம்.

அண்ணை நடப்பதை நிறுத்தினார். அவருக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும். ஆனால் என்னிடம்தான் கேட்டார்.

"அப்ப அந்தாளுக்கும் பயமோ? கேட்டுச் சொல்லும் பிள்ளை."

கேட்டேன். கணவர் ஆஸ்பத்திரி வாசல் வரை தன் கையை விடவேயில்லை, தன் விரல் வீங்கிவிட்டது என்று அந்தப் பெண்மணி கையை விரித்துக் காட்டினார்.

அண்ணை மிச்சச் சுற்றுகளை முடித்தார். குனிந்து தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மனைவி நின்ற பக்கம் திரும்பி, "அந்தக் கடைசிக் கடிதம் வீட்டில கிடக்கோ?" என்றார்.

அக்கா கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்திருக்கிறார்.

ஒப்பரேசன் அன்று நான் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். எங்கள் விரல்களும் வீங்கின. இரண்டாவது கண்ணும் முடிந்து, ஒரு வாரம் கழித்து அண்ணை கடைக்கு வந்தார். அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, அதிலிருந்த மிகச் சிறிய எழுத்துகளைப் பக்கவிளைவுகள் உட்பட ஒன்றுவிடாமல் சத்தமாக வாசித்தார். வரிசையில் நின்றவர்களில் இருவர் வாங்காமலே போய்விட்டார்கள். யாருடைய கெட்டித்தனம், டாக்டருடையதா கிணற்றுடையதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பிறகு டப்பாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அப்படி யாரும் என்னைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"பிள்ளை, நீர் நல்லாக் களைச்சுப் போனீர். அதுக்கும் ஒரு கிணறு இருக்கு. வாறீரோ?"

எனக்குக் கிணறுகளில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஏப்ரலில் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க அண்ணை பேசிக்கொண்டே வருவார் அல்லவா, எனக்கு அது போதும்.