ரெண்டு ஃபேன் வைத்த கார்டு

பேரம் பேசத் தெரியாதவள் டில்லியில் குடித்தனம் பண்ண முடியாது. தனக்குத்தான் பேரம் பேசத் தெரியும் என்று நினைக்கிறவள் பாடு அதைவிட மோசம். இது எனக்குத் தெரிய வரும்போது தலை பாதி நரைத்துவிட்டது.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில்தான் ரொம்ப வருஷம் இருந்தோம். அவுகளுக்கு (எங்க வீட்டுக்காரரைச் சொல்கிறேன், பேர் சொல்லிப் பழக்கமில்லை) மத்திய சர்க்காரில் வேலை. நான் அஞ்சாம் கிளாஸ், அதுவும் சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஊரில். ஆனால் மார்க்கெட்டுக்குள் நான் நுழைந்தால் துணி விற்கிற பையாக்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். பெரிய ஆபீசர் சம்சாரமெல்லாம் சுடிதார் எடுக்க என்னைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

என் வித்தை சாதாரண வித்தைதான். எது வேணுமோ அதைத் தொடவே கூடாது. பக்கத்தில் இருப்பதைக் கையில் எடுத்து, ஆகா ஓகோ என்று புகழ்ந்து, அதற்கு உயிரைக் கொடுத்துப் பேரம் பேசணும். படியாத மாதிரி எழுந்துவிடணும். அப்புறம், போனால் போகுது என்கிற முகத்தோடு, "சரி, அந்த மட்டமானதையாவது குடு" என்று நமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வந்துவிடணும். எங்க மக கோமதி இதைப் பார்த்தே வளர்ந்தவள். பால் பல் விழுகிறதுக்கு முன்னாலேயே, தனக்குப் பிடித்த கவுனைப் பார்த்து "சீ" என்று சொல்லப் படித்துவிட்டாள்.

அப்புறம் மயூர் விஹாரில் ஃபிளாட் வாங்கிக் குடி போனோம். கோமதி காலேஜில் சேர்ந்திருந்த சமயம். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. எங்க சொசைட்டியில் தீபாவளி மேளாவுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டி வைக்கிறார்கள் என்றார்கள். நாலு நாலு பேராகச் சேர்ந்து, அவரவர் பெட்டியைத் தூக்கி வந்து, ஒயர் போட்டுக் கட்டி, ஒருத்தரை ஒருத்தர் சுடணுமாம். எங்க பிளாக் பையன்களிடம் இவள் போய்க் கேட்டிருக்கிறாள். "உன் பெட்டியில கேம் ஓடட்டும், சேர்த்துக்கறோம். ஓடலேன்னா உன் இடத்துல சொசைட்டி செகரட்டரி மருமகனைச் சேர்த்துக்குவோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

எங்க பெட்டியில் ஓடவில்லை. அதற்குள்ளே கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒரு பலகை சொருகணும், அது இருந்தால்தான் படம் அசையும் என்றாள். அவள் டியூஷன் எடுத்துச் சேர்த்ததில் சின்னதாக ஒன்று வாங்கலாம். "நான் மட்டும் போய் வாங்கிட்டு வந்துடறேன்ம்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. நான் இருக்க, என் மகள் ஒரு கடையில் போய் ஏமாறுவதா?

"ஏட்டி, உனக்கு வேணுங்கிறது உன் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு. பார்த்தான்னா தலையில கட்டிருவான். நான் பேசுதேன். நீ நம்ம வழக்கப்படி இரு."

"அச்சா" என்றாள்.

நேரு பிளேஸ் போனோம். காய்கறி கூவுகிற மாதிரி அங்கே கம்ப்யூட்டர் சாமானைக் கூவுகிறார்கள். மாடியில் ஒரு கடை. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பையா, மேஜை மேலே ரெண்டு கார்டு எடுத்து வைத்தார். ஒன்று உள்ளங்கை அளவு, கொழுந்து வெற்றிலை மாதிரி லேசாக. இன்னொன்று நல்ல நீளம். ரெண்டு ஃபேன். அட்டைப் பெட்டியில் வாளோடு ஒரு ராட்சசன் படம். கையில் தூக்கிப் பார்த்தேன், கனம் திவ்யமாக இருந்தது. (நான் எவர்சில்வர் பாத்திரமே கனம் பார்த்து, சுண்டிப் பார்த்துத்தான் எடுப்பேன். இதையும் சுண்டினேன். பையா பதறிவிட்டார்.)

கோமதி சின்னதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "சீ, இது என்னம்மா, பழசு மாதிரி." பெரியதைத் தொட்டு, "இதுதான் படியாவா இருக்கு" என்றாள். (படியா என்றால் ஹிந்தியில் பிரமாதம்.)

இந்த இடத்தில் என் புத்தி எங்கே போயிற்று என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. துணிக்கடை என்றால் எது வேணும் என்று எனக்கே தெரியும், அவள் சொல்வதை நான் காதில் வாங்கவே மாட்டேன். இங்கே அவள் சொல்லைத் தவிர எனக்கு வேறு பிடி இல்லை. படித்த பிள்ளை, விஷயம் தெரிந்து சொல்கிறாள் என்று அப்படியே நம்பிவிட்டேன்.

ஆரம்பித்தேன். என் ஹிந்திக்கு ஆண், பெண் வித்தியாசம் கிடையாது, ஆனால் தயக்கமும் கிடையாது. இதைவிடக் கனமான ஃபேன் என் மிக்ஸியில் இருக்கிறது என்றேன். எங்க வீட்டில் இதே மாதிரி ரெண்டு ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கா விலை தெரியாது என்றேன். (ஓடிக்கொண்டிருந்தது ஃபிரிட்ஜ்.) எழுந்து படி வரைக்கும் போனேன், அவர் கூப்பிட்டார், திரும்பி வந்தேன். மறுபடி போனேன். கோமதி பக்கத்தில் நின்று பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பையா கையெடுத்துக் கும்பிட்டு, "லே ஜாயியே, ஆன்ட்டிஜி" என்று எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அவள் டியூஷன் காசோடு என் முந்தானை முடிச்சையும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மகள் முகத்தில் ரத்தமே இல்லை.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்.

"அம்மா, அதை ஏன் வாங்கினே?"

"நீதானட்டி படியாவா இருக்குன்னே."

"நீதானே அப்படிச் சொல்லணும்னு சொல்லிக்குடுத்தே. எனக்கு அந்தச் சின்னதுதாம்மா வேணும்."

"அப்ப நான் பேரம் பேசையில பார்த்துக்கிட்டே நின்னியே?"

"நீ நடிக்கிறேன்னு நினைச்சேன். இப்போ சின்னதைக் கேப்பே, இப்போ கேப்பேன்னு நின்னுட்டே இருந்தேன். பில் எழுதற வரைக்கும் நம்பினேன்."

வீட்டில் அவுக கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து கார்டை வைத்துப் பார்த்தார்கள். உள்ளே இருக்கிற பள்ளம் வேறு, இதன் பல் வேறு. நீளமும் கொள்ளவில்லை. "வாசல் அகலம் பார்க்காம கட்டில் வாங்கிட்டு வந்திருக்கே" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்கள். கோமதி திட்டவில்லை. "சரிம்மா, அடுத்த வருஷம் ஆடிக்கறேன்" என்றாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இப்படிச் சொன்னவளிடம் எப்படிக் கத்துவது?

மறுநாள் காலையில் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். பையா பெட்டியைத் தொடக்கூட இல்லை.

"ஆன்ட்டிஜி, நேத்து நீங்கதானே சொன்னீங்க, உங்க வீட்ல இதே மாதிரி ரெண்டு ஓடுதுன்னு. அதுல ஒண்ணோட இதை மாத்திப் பாருங்க."

கடை நிறைய ஆள். காலேஜுப் பையன்கள் வேறு. மிரட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கண்ணில் தண்ணி வரவழைத்தும் பார்த்தேன். (வந்தது, ஆனால் பலிக்கவில்லை.) அப்புறம் பையை மேஜை மேல் வைத்துவிட்டுச் சொன்னேன்:

"பையா, எங்க வீட்டுல ஒண்ணும் ஓடலை. எனக்கு இதைப் பத்தி ஒரு எழுத்தும் தெரியாது. தெரிஞ்சவ இவ. இவளை நேத்து நான்தான் வாயைத் திறக்க விடலை. இவகிட்டே பேசுங்க."

கோமதி ஹிந்தியில் மடமடவென்று பேசினாள். எந்தப் பள்ளம், எந்த விளையாட்டு, பெட்டி எவ்வளவு கரண்ட் தாங்கும் எல்லாம். அவர் ரெண்டு கேள்வி கேட்டார், இவள் மூன்றாகப் பதில் சொன்னாள். பிறகு, சரி, அவ்வளவு தெரிந்தவள் நேற்று ஏன் சும்மா நின்றாய் என்று கேட்டார். அவள் நம்ம வித்தையை முழுசும் சொல்லிவிட்டாள். அந்த மனுஷன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எதிர்க் கடைக்காரரைக் கூப்பிட்டார், பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். டீ வாங்கிக் கொடுத்து, "ஆன்ட்டிஜி, முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். சொன்னேன். வேற வழி?

சிரித்த களைப்பில் கார்டை மாற்றிக் கொடுத்தார், மிச்சக் காசும் கொடுத்தார். அந்தச் சின்னதுக்கு அவர் முதலில் சொன்ன விலையே, நான் உயிரைக் கொடுத்துப் பெரியதைக் குறைத்த விலையில் பாதிதானாம். அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "இதுல கொஞ்சம் குறைச்சு..." என்று ஆரம்பித்தேன். கோமதி என் கையைக் கிள்ளினாள்.

மேளாவில் செகரட்டரி மருமகன் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். கோமதி விளையாடினாள். முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள், ரெண்டாவதில் தோற்றார்கள். யார் யாரைச் சுடுகிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. திரையில் பெரிசாக ஒன்று வெடித்ததும் எழுந்து நின்று கைதட்டினேன். வெடித்தது என் மகளாம். கூட்டமே திரும்பிப் பார்த்தது. அவள் சிரித்துக்கொண்டே அடுத்த உயிரை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அதிலிருந்து எங்க வீட்டில் யாரும் எதையும் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. அவுக குழம்பை நல்லாயிருக்கு என்றால், "இது கடைப் பேச்சா, வீட்டுப் பேச்சா?" என்று கோமதி கேட்பாள். அவுக பாத்திரத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார்கள்.

சில வருஷம் கழித்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் ஹாலில் பெற்றோரோடு உட்கார்ந்திருந்தான். அடுக்களைக்கு வந்தவளிடம் எப்படி என்று கேட்டேன். "சுமார்தாம்மா" என்று உதட்டைப் பிதுக்கினாள். இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. கதவைச் சாத்தினேன்.

"ஏட்டி, கடைப் பேச்சா, வீட்டுப் பேச்சா?"

தலையைக் குனிந்துகொண்டு, "கடைதான்" என்றாள்.

நான் கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன்.