ஆலங்குளத்துத் துட்டியும் உப்புப் போட்ட மோரும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். தென்காசில பஸ் ஏறணும், ஆலங்குளத்துல ஒரு சாவு வீட்டுல துட்டி கேக்கணும், சாயங்கால பஸ்ஸுல திரும்பணும்.

நயா பைசா வந்த புதுசு அது. எனக்கு மூத்திரம் அடைச்சு, ஆஸ்பத்திரில ரப்பர் குழாய் மாட்டி விட்டிருந்தாக. குழாய் முனையில ஒரு ரப்பர் பை. அதைத் தொடையில நாடா வச்சுக் கட்டி, மேல வேட்டியக் கட்டிக்கிட்டா ஊருக்குத் தெரியாது. ஆபரேஷனுக்கு இன்னும் மூணு மாசம் ஆகும்னுட்டாரு டாக்டர்.

அவரு சொன்னது ரெண்டே விஷயம். "மணிக்கு ஒரு தம்ளர் உள்ள போகணும், இல்லன்னா குழாய் அடைச்சுக்கிடும். அதுக்காக வெறும் தண்ணியாவே குடிக்காதீரும், உடம்புல உள்ள உப்பெல்லாம் இறங்கிப் போயிரும். மோர்ல உப்பு, கஞ்சில உப்பு, இளநின்னு மாத்தி மாத்திக் குடியும்."

நான் பாத்திரக்கடைக்காரன். ஓட்டைச் செம்புல எவ்வளவு ஊத்துனா எவ்வளவு நிக்கும்னு எனக்கா தெரியாது? அப்படித்தான் நினைச்சேன்.

செத்தது யாருன்னு சொல்லிருதேன். என் மக கோமதிக்கு ஆலங்குளத்துல ஒரு மாப்பிள்ளை பேசிக்கிட்டிருந்தோம். மாப்பிள்ளையோட அப்பாவை அண்ணாச்சின்னு கூப்பிடுவேன். அந்த அண்ணாச்சியோட பெரியப்பாதான் தவறிட்டாரு. அவரை நான் பாத்ததே ஒரு தடவை. அன்னைக்கும் என் மக நிறத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரு.

சம்மந்தம் இன்னும் முடிவாகல. "ஆடி கழியட்டும், யோசிச்சுச் சொல்லுதோம்"னு அண்ணாச்சி இழுத்துக்கிட்டே இருந்தாரு. துட்டிக்குப் போகலன்னா சம்மந்தம் போச்சு. பொண்ணோட அப்பன் குழாயோட அலையுதான்னு தெரிஞ்சாலும் போச்சு.

இதுல இன்னொரு சிக்கல். துட்டி வீட்டுல பொணத்தை எடுக்குற வரைக்கும் யாரும் பச்சத்தண்ணி பல்லுல பட விடமாட்டாக. மணிக்கு ஒரு தம்ளருக்கு நான் எங்கன போவேன்?

ஒரு யோசனை பண்ணுனேன். நாள் பூரா குடிக்க வேண்டியதைக் காலைலயே மொத்தமா குடிச்சிருவோம்!

குத்தாலத்துல இருந்து ஒரு குடம் தண்ணி வந்திருந்துச்சு. செம்பை முக்குனேன். என் பொஞ்சாதி சொர்ணம் மோரைக் கொண்டாந்து நீட்டுனா.

"உப்புப் போட்டு வச்சிருக்கேன். இதைக் குடிச்சிட்டுப் போங்க."

"ஏட்டி, துட்டிக்குப் போறவன் மோர் ஏப்பம் விட்டுக்கிட்டா போவான்? இது குத்தாலத் தண்ணி. மூலிகை எல்லாம் இதுல இருக்கு."

"டாக்டரு உப்புன்னுல்லா சொன்னாரு."

"அவரு மெட்ராஸ்காரரு. குத்தாலத்தைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

ஆறு செம்பு குடிச்சேன். பஸ் ஏறுததுக்குள்ள ரெண்டு தடவை பையைக் காலி பண்ணுனேன். உள்ள போனதெல்லாம் அப்படியே வெளிய வந்துட்டுது. அப்பவாவது எனக்குப் புத்தி வந்திருக்கணும்.

தென்காசில சாரல். பாவூர்சத்திரம் தாண்டுனதும் வெயில். ஆலங்குளத்துல இறங்கும்போது சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டுது.

உள்ள பொம்பளையாளுக முறைக்கு அழுதாக. வெளிய பந்தல்ல ஆம்பளை ஒருத்தன் கண்ணுலயும் ஈரம் இல்ல. மனுசன் உயிரோட இருக்கும்போது எல்லாரையும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரு போல.

"எப்ப எடுக்குதாக?"ன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட மெதுவா கேட்டேன்.

"மக மதுரைல இருந்து வரணும். வந்ததும் எடுத்துருவாக."

மக வர நாலு மணி ஆச்சு. அதுவரைக்கும் சம்மணம் போட்டு உக்காந்திருந்தேன். வேர்வை ஊத்துது. நாக்கு மேல ஒட்டுது. தலை கிறுகிறுங்குது. பை மட்டும் காலியா கிடக்கு. குழாய் அடைச்சிட்டோன்னு பயம் வேற.

சங்கு ஊதுனாக. பாடையைத் தூக்குனாக. எல்லாரும் எந்திரிச்சாக. நானும் எந்திரிச்சேன்.

ரெண்டு கெண்டைக்காலும் ஒரே நேரத்துல முறுக்கிப் பிடிச்சுது பாருங்க. "ஐயோ"ன்னு கத்துனேன். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். விழுந்திரக் கூடாதுன்னு கைக்கு எட்டுனதைப் பிடிச்சேன். அது பாடையோட மூங்கில்.

பாடை தூக்குனவுக அப்படியே நின்னுட்டாக.

"விடுங்க, பெரியவரு நல்லபடியா போகட்டும்"னு ஒருத்தர் என் விரலைப் பிரிச்சாரு. நான் விட்டா விழுந்திருவேன். விழுந்தா வேட்டி விலகும். வேட்டி விலகுனா பை தெரியும். அதனால இன்னும் இறுக்கிப் பிடிச்சு, வலி தாங்காம இன்னும் சத்தமா அழுதேன். அதைப் பாத்து பாடை தூக்குனவுகள்ல ரெண்டு பேரு அழுதாக. பின்னாலயே அண்ணாச்சியும் அழுதாரு.

ஒரு வழியா என்னையப் பிரிச்சு எடுத்து, பக்கத்து வீட்டுல உக்கார வச்சு, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியா ரெண்டு செம்பு குடுத்தாக. கால் மணி நேரத்துல கால் சொன்னபடி கேட்டுச்சு. டாக்டரு மெட்ராஸ்காரருன்னாலும் விவரமான ஆளுதான்.

குழாயும் அடைக்கல. சுடுகாட்டுக்குப் போனவுக திரும்புததுக்குள்ள பை நிறைஞ்சிட்டுது. வைக்கப்படப்புக்குப் பின்னால ஒதுங்கி, வேட்டியத் தூக்கிப் பையை அவுத்தேன்.

"இங்கனயா இருக்கீய?"

ஈர வேட்டியோட அண்ணாச்சி நிக்காரு. என் கையில குழாய். கோமதி கல்யாணம் அந்த வைக்கப்படப்போட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்பத்தான் நெசமாவே அழுகை வந்துச்சு.

"அண்ணாச்சி, மறைக்கணும்னு இல்ல..."

"அதெல்லாம் எங்களுக்கு முன்னாலயே தெரியும்"னாரு. "தென்காசில யாருக்குத் தெரியாது? அதனாலதான் யோசிச்சோம். ஆனா இவ்வளவு சீக்கையும் வச்சுக்கிட்டு வந்து, எங்க வீட்டு மனுசனுக்காக இந்த அழுகை அழுதீயளே. பெத்த மகன் அழல. இப்படிப்பட்டவரு வீட்டுப் பொண்ணுதான் எங்களுக்கு வேணும்."

உண்மையைச் சொல்லிரலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பையைக் கட்டுனேன், வாயையும் கட்டுனேன்.

தையில கல்யாணம் நடந்துச்சு. ஆபரேஷனும் முடிஞ்சு குழாயும் போச்சு. ஆனா அந்தக் குடும்பத்துல யாரு தவறுனாலும் மொதத் தாக்கல், அதான் சாவுச் சேதி, எனக்குத்தான் வருது. போன வருசம் அண்ணாச்சியோட சித்தி தவறிட்டா. டாக்டரு சொன்ன பழக்கம் விடாம, கல்லுப்புப் போட்டு ரெண்டு செம்பு மோர் குடிச்சிட்டுப் போனேன். கால் கல்லு மாதிரி நின்னுச்சு. கண்ணுல ஒரு சொட்டு வரல. பந்தலே என்னையப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

கோமதி பக்கத்துல வந்து, "எப்பா, மாமா மூஞ்சியே சரியில்ல. பெரியவருக்கு அழுதீய, எங்க சித்திக்கு அழல பாருன்னு கேக்காரு"ன்னா.

இப்பல்லாம் ஆலங்குளத்துல இருந்து தாக்கல் வந்தா, சொர்ணம் மொத வேலையா மோர்ச்சட்டியைத் தூக்கி ஒளிச்சு வச்சிருதா.