முழங்கையை உள்ளே வையுங்கள்

ஸ்விங் திருத்தி என்று ஒரு மனித இனம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஆறேழு வருடங்களாகப் பெருகி வருகிறது. கோல்ஃப் மட்டையை ஓங்கி, இடுப்பைத் திருப்பி, பந்தை அடிக்கிற மொத்தக் காரியத்துக்கும் ஸ்விங் என்று பெயர். இவருக்கு அது வராது. வராது என்பதற்காகச் சும்மா இருப்பாரா? பக்கத்தில் யார் மட்டையைத் தூக்கினாலும் அவருடைய ஸ்விங்கைத் திருத்துவார். நீங்கள் பார்த்ததில்லை என்றால், காலை ரயிலில் கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது பிளாட்பாரத்தின் கோடியைக் கவனியுங்கள். சாப்பாட்டுப் பையை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, மடக்கிய குடையை இரண்டு கையாலும் பிடித்து, இல்லாத ஒரு பந்தை ஆந்திரா பக்கமாக அடித்துவிட்டு, அது எங்கே விழுந்தது என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் ஆலையில் அவர் பெயர் ஆதிகேசவன். உற்பத்திப் பிரிவின் துணைப் பொது மேலாளர், ஆரம்பாக்கத்தில் நாலு ஏக்கர் நஞ்சை, இருபத்திரண்டு வருட சர்வீஸ். கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனி எங்களுடையது. அதன் தலைவர் ஹிராட்டா என்கிற ஜப்பானியருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோல்ஃப். அவர் வரும்வரை எங்கள் மேலாளர்கள் எல்லோரும் கிரிக்கெட் பைத்தியமாக இருந்தார்கள். அவர் வந்த மூன்றாம் மாதம், எல்லோருக்குமே சின்ன வயதிலிருந்து கோல்ஃப் மேல் ஓர் ஆசை இருந்தது தெரிய வந்தது.

பெரியபாளையம் சாலையில், வலை கட்டிய மைதானத்தில் ஜெயராஜ் என்பவர் கோல்ஃப் சொல்லிக்கொடுக்கிறார். சென்னையில் பெரிய மனிதர்களின் மட்டைப் பையை முப்பது வருடம் தூக்கி, அவர்கள் அடித்ததையெல்லாம் பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றவர். ஆதிகேசவன் அவரிடம் பத்து வகுப்புக்குச் சேர்ந்தார். எங்கள் தரக்கட்டுப்பாட்டுத் தலைவி பிரேமாவும் அதே நாளில் சேர்ந்தார். இரண்டு பேருக்கும் ஒரே பாடம்தான்: மட்டையைப் பிடிக்கிற பிடி. ஒரு மாதம் அதை மட்டும் கவனியுங்கள், பந்து எங்கே போனாலும் கவலை வேண்டாம் என்றார் ஜெயராஜ்.

பிரேமா அதை மட்டும் கவனித்தார். ஆதிகேசவனுக்கு அது போதுமா? ஒரு மாதம் வெறும் பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க அவர் என்ன சாதாரண ஆளா? அன்று சாயங்காலமே போனில் பதினாறு வீடியோ பார்த்தார். ஒன்று இடது தோளை இறக்கச் சொன்னது, ஒன்று ஏற்றச் சொன்னது, இன்னொன்றில் ஒரு வெள்ளைக்காரர் மூச்சை எப்போது விடுவது என்று நாற்பது நிமிடம் விளக்கினார். பதினாறையும் ஒரே உடம்பில் ஏற்றிக்கொண்டு, இரண்டாம் வகுப்பில் ஜெயராஜுக்கே பாடம் எடுத்தார்.

“சார், கத்துக்க வந்தீங்களா, எனக்கு கிளாஸ் எடுக்க வந்தீங்களா?” என்றார் ஜெயராஜ். “புடிய மாத்திக்கினே இருந்தா பந்து இன்னா சார் பண்ணும்?”

அதற்குப் பிறகு ஆதிகேசவனைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. கேன்டீனில் சாம்பார் வாங்க நிற்கிறவரின் தோள் சரியில்லை என்பார். ஷிப்ட் மீட்டிங்கில் கரும்பலகையில் தோசைக்கரண்டி மாதிரி ஒன்றை வரைந்து அம்புக்குறி போடுவார். ஆடி மாதம் பெரியபாளையத்து அம்மன் கோயில் வரிசையில் இடுப்பைத் திருப்பிப் பழகி, பின்னால் நின்ற அம்மாளின் தேங்காய்த் தட்டைத் தட்டிவிட்டார். அவர் மனைவி கல்பனா, “அம்மன் எதிர்லயாவது அந்த இடுப்ப சும்மா வெச்சிக்கினு நில்லுங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதாகக் கேள்வி.

எப்போதும் “ஒரு சின்ன விஷயம் சொல்லட்டுமா?” என்றுதான் ஆரம்பிப்பார். வேண்டாம் என்று சொல்ல நமக்கு அவகாசம் கிடைக்காது. பந்து இடது பக்கம் போனால் முழங்கையை உள்ளே வையுங்கள். வலது பக்கம் போனால் முழங்கையை உள்ளே வையுங்கள். பந்து இருந்த இடத்திலேயே இருந்தால்? அதற்கும் முழங்கைதான்.

இது வரைக்கும் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆறாவது வாரம் பிரேமாவின் பந்து நேராகப் போக ஆரம்பித்தது. ஆதிகேசவனால் தாங்க முடியவில்லை. தப்பாக நினைக்காதே அம்மா என்று அக்கறையோடு போய், முழங்கையை மாற்றி, காலை மாற்றி, தலையை மாற்றி வைத்தார். அவர் சீனியர். எங்கள் ஆலையில் சீனியர் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள், பிரேமாவும் பேசவில்லை. இரண்டு வாரம் பிரேமாவின் பந்து வலைக்கம்பத்தில்தான் பட்டது. தன் ஆட்டமே போய்விட்டது என்று அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஆதிகேசவன் மேல் நிஜமாகவே கோபம் வந்தது. ஜெயராஜ் வேறு எதுவும் செய்யவில்லை, மறுபடியும் பிடியிலிருந்து ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் தேர்வாய் கண்டிகையில் எங்கள் இரண்டாவது ஆலை தயாரானது. அதற்குத் தலைவர் ஆதிகேசவனா, பிரேமாவா? நியாயமாகப் பார்த்தால் ஆதிகேசவனுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவார். இந்தப் பதவிக்காகத்தான் அவர் மட்டையையே தொட்டார். வருடாந்திர கோல்ஃப் போட்டியில் ஹிராட்டா தன்னோடு ஆடுவதற்கு அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டபோது, முடிவு மைதானத்தில்தான் என்று ஆலை முழுக்கப் பேசிக்கொண்டார்கள். நான் போட்டோ எடுக்கப் போனேன். பை தூக்க ஜெயராஜ் வந்திருந்தார்.

போட்டி ஆரம்பிக்கும் முன் ஜெயராஜ் ஆதிகேசவனைத் தனியாகக் கூப்பிட்டார். “இன்னிக்கி யாருக்கும் ஒண்ணும் சொல்லாதீங்க சார். போட்டி ரூல்ஸ் வேற.” ஆதிகேசவன் தலையாட்டினார். ஜெயராஜ் பை தூக்குகிற முறை முதுகுக்கு நல்லதல்ல என்று அவருக்கு அப்போதுதான் பட்டிருந்தது, அதை விளக்கினார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அன்றைக்கு அவர் பிரமாதமாக ஆடினார். தலைவரின் முன்னால் நின்ற பயத்தில் பதினாறு வீடியோவும் மறந்துபோய், ஜெயராஜ் சொன்ன பிடி மட்டும் ஞாபகத்தில் நின்றது. பந்து பறந்தது. அந்தச் சந்தோஷத்தில் முதல் குழியிலேயே பிரேமாவிடம் முழங்கையைப் பற்றிச் சொன்னார். ஹிராட்டா பென்சிலை எடுத்து அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டார். தன் ஞானத்தைத் தலைவர் குறிப்பெடுக்கிறார் என்று ஆதிகேசவனுக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. நாலாவது குழியில் துணிந்து ஹிராட்டாவுக்கே ஒரு சின்ன விஷயம் சொன்னார். ஹிராட்டா குனிந்து வணங்கிவிட்டு அதையும் குறித்துக்கொண்டார். ஒன்பது குழிப் போட்டி முடிவதற்குள் மொத்தம் ஏழு யோசனைகள்.

போட்டியில் சக ஆட்டக்காரருக்கு யோசனை சொன்னால், சொன்னவருக்கு இரண்டு அடி அபராதம். கோல்ஃபில் அடி கூடினால் தோல்வி. பதினாறு வீடியோ பார்த்தவர் விதிகளை ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை. ஸ்கோர் அட்டையைக் கையில் வாங்கியபோது பிரேமாவுக்கு அறுபது அடி, அவருக்கு எழுபத்திரண்டு. கூட்டல் தப்பு என்று அவர் ஜெயராஜைப் பார்த்தார்.

“கை அடிச்சது அம்பத்தெட்டு சார்,” என்றார் ஜெயராஜ். “வாய் அடிச்சது பதினாலு.”

ஆதிகேசவன் தன் யோசனைகளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்போது ஹிராட்டா அட்டையில் கையெழுத்துப் போடக் குனிந்தார். ஆதிகேசவன் அருகே போய், ஒரு சின்ன விஷயம் என்று ஆரம்பித்து, பென்சிலை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்று சொன்னார். ஹிராட்டா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். அடுத்த வாரம் தேர்வாய் கண்டிகை பிரேமாவுக்குப் போனது.

இப்போது யாராவது கோல்ஃப் வகுப்பில் சேரலாமா என்று கேட்டால் ஆதிகேசவன் கையை உதறுகிறார். “கிளாஸெல்லாம் பேஜாரு சார். டப்புக்குத்தான் தண்டம். ஞாயித்துக்கெழம ஊட்டாண்ட வாங்க, நானே சொல்லித் தரேன்.” அறுவடை முடிந்த ஆரம்பாக்கத்து வயலில் இப்போது ஐந்து பேர் முழங்கையை உள்ளே வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

உங்களுக்கு கோல்ஃப் தெரியாது, அதனால் கவலையில்லாமல் சிரிக்கிறீர்கள். போகட்டும். வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து கியர் மாற்றச் சொன்னது யார்? தோசையைத் திருப்புகிறவரின் தோளுக்குப் பின்னால் நின்று இன்னும் கொஞ்சம் முறுகட்டும் என்றது யார்? இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டு வரும்போதே, இந்த இடத்தை இன்னும் சுருக்கமாக எழுதியிருக்கலாம் என்று இரண்டு தரமாவது தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள். வேறு யாரிடமாவது சொல்லப் போகிறீர்கள் என்றால், அவர் குனிந்து வணங்கி, மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கையில் பென்சில் இருக்கும்.