எண்ணெய் தேய்த்துக் குளித்த மூளை

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஆறு நிமிடம் சும்மா இருந்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இதைவிடச் சுலபமான வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. இதைவிட மோசமாக எந்த வேலையையும் நான் செய்ததும் இல்லை.

கேட்டவள் ஹேமா. திருவேற்காட்டில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் தென்காசிப் பெண். பூந்தமல்லி பக்கம் ஒரு மனநல மருத்துவமனையில் முனைவர் பட்டத்துக்காக மூளையை ஆராய்கிறாள்.

படிக்கட்டில் நிறுத்தி, "அங்கிள், நீங்க நார்மல்தானே?" என்றாள்.

ஐம்பத்திரண்டு வயதில் இப்படி நேராக யாரும் கேட்டதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் நான். ஒரு போல்ட் மயிரிழை பெரிதாக இருந்தாலும் திருப்பி அனுப்புகிறவன். "நார்மல் என்பதற்கு உன் வரையறை என்ன?" என்று கேட்டேன்.

உள்ளேயிருந்து என் மனைவி பத்மா குரல் கொடுத்தாள்: "இந்தக் கேள்வியை என்கிட்டல்ல நீ கேட்டிருக்கணும்?"

ஹேமா விளக்கினாள். மூளையில் ஒவ்வொரு பகுதியும் மற்ற பகுதிகளோடு பேசிக்கொண்டே இருக்குமாம். நாம் சும்மா இருக்கும்போதும் பேச்சு ஓயாதாம். கவலை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பேச்சு எப்படி மாறுகிறது என்று பார்க்கிறாள். ஒப்பிட்டுப் பார்க்க, அந்த நோய் இல்லாதவர்களும் வேண்டும். என் வயதில் ஒரே ஓர் ஆள் குறைகிறது.

"திங்கக்கிழமை எல்லாத்தையும் கைடு முன்னாடி வைக்கணும் அங்கிள். ஆள் குறைஞ்சா அடுத்த ரிவ்யூவுக்கு ஆறு மாசம் ஆயிரும். வந்துருவீங்கள்லா? சும்மா உக்காந்திருந்தா போதும்."

"சும்மா உக்கார்றதுக்கா? அதுக்கு இவரை விட்டா ஆளே கிடையாது," என்றாள் பத்மா.

ஹேமா ஒரு தாள் கொடுத்தாள். முதல் நாள் இரவு நன்றாகத் தூங்க வேண்டும். காலையில் காபி கூடாது. தலை சுத்தமாக இருக்க வேண்டும்; எண்ணெய்ப் பசை கூடாது.

தாளை மூன்று முறை படித்தேன். இரண்டு ஒற்றுப்பிழை இருந்தது. திருத்தி வைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை என்றால் எனக்கு எண்ணெய்க் குளியல். முப்பது வருடப் பழக்கம். நல்லெண்ணெயில் இரண்டு மிளகு போட்டு இரும்புக் கரண்டியில் காய்ச்சி, உச்சந்தலையில் ஒரு கை வைத்துத் தேய்த்தேன்.

பத்மா பார்த்துவிட்டாள். "எண்ணெய் கூடாதுன்னு போட்டிருக்கே?"

"பசை கூடாதுன்னுதான் போட்டிருக்கு. சீயக்காய் போட்டா பசை போயிடும். தலை இதைவிடச் சுத்தமாக வேற வழியே இல்லை."

"அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் பண்ணிக் கேளுங்களேன்."

"தாளில் இருக்கும்போது எதற்குப் போன்?"

சீயக்காய் இரண்டு தடவை, ஷாம்பு ஒரு தடவை. தலை கீச்சென்றது. காபி குடிக்கவில்லை. நான் விதிகளை மதிப்பவன்.

இப்படிப் பாடுபட்டுச் சுத்தம் செய்த தலையில் ஷேர் ஆட்டோவில் புழுதி படியக் கூடாதல்லவா? ஒரு துணிக்கடை கவரைத் தலையில் மாட்டி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, வெய்ய காலத்துல மண்டைக்கு ரெயின்கோட்டு?"

"ஒரு ஆராய்ச்சிக்குப் போறேன். மூளைக்குள்ள ஒவ்வொரு பகுதியும் இன்னொரு பகுதியோட பேசிக்கிட்டே இருக்கும். அந்தப் பேச்சைக் கேக்கணும்."

வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தப் பேச்சு உனுக்கும் கேக்குதா அண்ணாத்தே?" என்றார் டிரைவர், மிக மென்மையாக.

"எனக்குக் கேக்காது. மெஷினுக்குத்தான் கேக்கும்."

பக்கத்திலிருந்த அம்மாள் கீரைக்கட்டை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்.

கரையான்சாவடியில் எல்லோரும் இறங்கிய பிறகு, டிரைவர் என்னை மட்டும் மருத்துவமனை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அதோடு நிற்கவில்லை. காவலாளியைக் கூப்பிட்டார். "நைனா, பத்ரமா உள்ள இட்டுகினு போ. தனியா வந்துகீறாரு, பாவம்."

காவலாளி என் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போய், வெளிநோயாளிகள் பெஞ்சில் உட்காரவைத்து, கையில் டோக்கன் கொடுத்தார்.

"ஐயா, நான் பேஷன்ட் இல்லை. நான் நார்மல்."

"சரி சார். உக்காருங்க சார். எல்லாருமே நார்மல்தான் சார்."

"இல்லை, நான் உண்மையிலேயே நார்மல். அதற்காகவே வரச் சொல்லியிருக்கிறார்கள்!"

"சத்தம் போடாதீங்க சார். டாக்டர் வந்துருவாரு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "பயப்படாதீங்க சார். மொத நாளு நானும் இப்படித்தானுங்க சொன்னேன்."

ஈரோட்டுக்காரர். பெயர் செந்தில். ஐடியில் வேலை. எதற்கெடுத்தாலும் கவலை, தூக்கமே வராமல் போய், இங்கே சிகிச்சையில் இருக்கிறார். இப்போது தேவலையாம். ஹேமாவின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"அட, நானும் அந்த ஆராய்ச்சிதானுங்க. காத்தால எனக்கு முடிஞ்சிருச்சு. நான் கவலைக் கோஷ்டி. நீங்க?"

"நார்மல் கோஷ்டி."

அவர் என் தலையில் இருந்த கவரைப் பார்த்தார். "அப்படிங்களா," என்றார். நல்ல மனிதர். ஆராய்ச்சிக்கூடம்வரை கூடவே வந்து விட்டார்.

ஹேமா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "என்ன அங்கிள், பதினொண்ணரை ஆச்சு! ஒரு மணிக்கு ரூமை வேற டீம் எடுத்துருவாங்க!"

கவரைக் கழற்றினேன். அவள் என் தலையைத் தொட்டாள். விரலை விரலோடு தேய்த்துப் பார்த்தாள்.

"அங்கிள்... எண்ணெய் தேச்சீங்களா?"

"தேச்சேன். ஆனா எடுத்துட்டேன்."

"எடுக்கலை அங்கிள்."

மூளை அலையைப் பதிவுசெய்யும் தொப்பியில் பொத்தான் பொத்தானாக இருக்கும். ஒவ்வொன்றும் தோலோடு ஒட்ட வேண்டும். ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் அவள் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். பிறகு களிம்பு வைத்தாள். குளிர்ந்த அறை, மங்கிய வெளிச்சம், சாய்வு நாற்காலி, தலையில் மெல்ல மெல்ல வருடல்.

அங்கேதான் என் தவறு எனக்குப் புரிந்தது. எண்ணெய்ப் பசை ஒரு விஷயமே இல்லை. எண்ணெய்க் குளியல் முடிந்தால் தூக்கம் வரும்! வழக்கமாக அதை ஒரு டம்ளர் காபியால் அடக்குவேன். இன்றைக்குத்தான் விதியை மதித்து அதைக் குடிக்கவில்லையே.

"கண்ணை மூடிக்கோங்க. மனசை அதுபாட்டுக்கு விடுங்க. தூங்க மட்டும் கூடாது, சரியா?"

"கவலைப்படாதே," என்றேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, ஹேமா என் தோளை உலுக்கியது.

"அங்கிள்! தூங்கிட்டீங்க!"

"தூங்கலை. கண்ணை மூடிக்கிட்டு யோசிச்சிக்கிட்டிருந்தேன்."

திரையை என் பக்கம் திருப்பினாள். "இங்க பாருங்க, முழிப்பு அலை. இங்க கரையுது பாத்தீங்களா? இது முழுக்கத் தூக்கம். இந்தக் கிறுக்கல் உங்க குறட்டை. இது யோசனை இல்ல அங்கிள்."

இருபத்தாறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பத்மாவிடம் நான் சொல்லிவரும் வாக்கியம் அது. அறிவியல் அதை நாற்பது நொடியில் உடைத்துவிட்டது.

இரண்டாம் முறை. தூங்காமலிருக்க மனதுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொன்னேன். பதினேழு எட்டு நூற்று முப்பத்தாறு வரும்போது ஹேமா நிறுத்தினாள்.

"பல்லைக் கடிக்கீங்க அங்கிள். தாடைச் சத்தம்தான் பதியுது. எதையும் வேணும்னு நினைக்காதீங்க. சும்மா இருங்க!"

"சும்மா இருந்தால் தூக்கம் வருகிறது!"

"நார்மல் ஆளுங்க ஆறு நிமிஷம் சும்மா இருப்பாங்க அங்கிள்."

நாற்காலியில் குறுகிப்போனேன். மணி பன்னிரண்டரை. அவள் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. தண்ணீர் நிரப்ப வெளியே போனாள்.

வாசலில் செந்தில் எட்டிப் பார்த்தார். நிலைமையைச் சொன்னேன்.

"தூங்காம இருக்கறதுதானே சார்? ரெண்டு வருஷ அனுபவமுங்க எனக்கு," என்றார் தன்னடக்கத்தோடு. "பெரிசா ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒரு சின்னக் கேள்வி. கெளம்பும்போது அடுப்பை அணைச்சீங்களா?"

ஹேமா வந்தாள். மூன்றாம் முறை. கண்ணை மூடினேன்.

எண்ணெய் காய்ச்சினேன். கரண்டியை இறக்கினேன். அடுப்பை...

அணைத்தேனா?

கரண்டியை இறக்கியது ஞாபகம் இருக்கிறது. குமிழைத் திருப்பியது ஞாபகம் இல்லை. கரண்டி பக்கத்தில் துணி இருந்தது. துணிக்குப் பக்கத்தில் எண்ணெய் பாட்டில். அதற்கு நேர் மேலே ஹேமா வீடு!

தூக்கமா? என் மூளையின் எல்லாப் பகுதிகளும் எழுந்து நின்று ஒன்றையொன்று பார்த்துக் கத்தின.

நான்கு நிமிடம் தாங்கினேன். பிறகு தொப்பியோடு எழுந்தேன். இரண்டு வயர் பிடுங்கிக்கொண்டன. நெற்றியில் களிம்பு வழிய வெளியே ஓடினேன். நடைபாதையில் காவலாளி நின்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் நினைத்தது சரிதான் என்ற தலையசைப்பு அது.

பத்மாவுக்குப் போன் போட்டேன். "அடுப்பு எரியுதா பார்!"

"எந்த அடுப்பு?"

"நம்ம வீட்டு அடுப்பு! அணைக்காமல் வந்துவிட்டேன்! வீடு பற்றிக்கொள்ளப் போகிறது!"

"ஏங்க," என்றாள் பத்மா. "நான் வீட்லதானே இருக்கேன்?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பின்னாலேயே ஓடிவந்தவர்களில் முதலில் சிரித்தது செந்தில். அடுத்து ஹேமா. அழுகிற நிலையில் இருந்தவள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. காவலாளி மட்டும் சிரிக்கவில்லை.

"செந்தில் சார், இனிமே யாருக்கும் இப்படிச் சொல்லிக் குடுக்காதீங்க!" என்றாள் ஹேமா, நான் நடந்ததைச் சொன்னதும்.

"இல்லீங்க மேடம். ஆனா தூங்கலை பாத்தீங்களா?"

வயரை மறுபடி பொருத்தியபோது மணி பன்னிரண்டு ஐம்பது. கடைசித் தடவை. ஓடியதில் தூக்கம் போய்விட்டது. சிரித்ததில் கவலையும் போய்விட்டது. வாய்ப்பாடு சொல்லத் தெம்பில்லை. கண்ணை மூடி, வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சும்மா இருந்தேன்.

"முடிஞ்சுது அங்கிள்! ஆறு நிமிஷமும் சுத்தமா வந்துருக்கு!" ஹேமா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அடுத்த டீம் கதவைத் தட்டியது.

வீட்டுக்குத் திரும்பி, களிம்புத் தலையோடு பத்மா முன்னால் நிமிர்ந்து நின்றேன்.

"நார்மல்னு சொல்லிட்டாங்களா?" என்றாள்.

"அப்படித் தனி ஆளுக்கு முடிவு சொல்ல மாட்டார்கள். எல்லோரையும் சேர்த்துச் சராசரிதான் எடுப்பார்கள்."

"நல்ல வேளை. தனியாப் பாத்திருந்தா மாட்டியிருப்பீங்க."