ஒளிக்க ஒன்றுமில்லாதவர்

ஒளிக்க ஒன்றுமில்லாதவர்கள் என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். போடிநாயக்கனூரில் அந்த இனத்துக்குத் தலைவர் ஏலக்காய் வியாபாரி சவுகத் அலி. செல்போன் செய்திகளை அனுப்பியவரும் பெற்றவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புகிறார்களாமே, அந்தப் பூட்டுக்கு அரசாங்கத்திடமும் ஒரு சாவி வேண்டும் என்று டிவியில் பேச்சு கிளம்பியதிலிருந்து, டீக்கடை, சலூன், ஜீப்பு ஸ்டாண்டு என்று ஓரிடம் விடாமல், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் அவர் சொல்லிவந்தது ஒன்றே: “தப்புப் பண்ணாதவனுக்கு என்னப்பா பயம்?”

மகள் ரமீஸா ஒருமுறை மடக்கினாள். “அப்பக் குளிக்கிற ரூமுக்கு எதுக்கு அத்தா தாப்பா?”

“அது வேற.”

எப்படி வேறு? அதை மட்டும் சொல்ல மாட்டார்.

இதற்கிடையில் தங்கை ஜன்னத், புருஷன் அடி பொறுக்காமல் அண்ணனிடம் ஓடிவந்தாள். சவுகத் அலி அவளைப் போடிமெட்டுக்கு மேலே, தெரிந்தவர் எஸ்டேட் வீட்டில் கொண்டுபோய் வைத்தார். சாப்பிட்டாயா, கதவைத் திறக்காதே என்பதெல்லாம் போனில்தான். இடம் வேறு யாருக்கும் தெரியாது.

பிரசங்கம் மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு கை தோளில் விழுந்தது. ராஜா முகம்மது. ஜன்னத் புருஷனுக்குப் பெரியப்பா மகன். ஏதோ அரசாங்க ஆபீசில் கம்ப்யூட்டர் சோலி.

“சரியாச் சொன்னீங்க மச்சான்! அந்தச் சாவி மட்டும் வரட்டும். ஜன்னத்து எங்க இருக்குன்னு ஒரே தட்டுல பாத்துருவேன்.”

சவுகத் அலிக்கு டீ புரையேறியது. “நீயா? அரசாங்கமுல்ல பாக்கும்?”

“அப்ப நான் யாரு மச்சான்?”

அதுவரை அரசாங்கம் என்றால் அவர் மனக்கண்ணில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம்தான் தெரியும். இப்போது அதற்கு மீசையும் பான்பராக் பல்லும் முளைத்துவிட்டன.

வீட்டுக்கு ஓடினார். “ரமீஸா, வெரசா வா! நம்ம போன்ல அந்தப் பூட்டு சரியா விழுந்திருக்கா பாரு. இன்னொண்ணு இருந்தா அதையும் போடு!”

ரமீஸா சிரிக்கவில்லை. அத்தாவிடமிருந்து போனை வாங்கிப் பூட்டைச் சரிபார்த்தாள்.

ஜன்னத் விவாகரத்து வாங்கி, இன்று நிம்மதியாகத் தையல் கடை நடத்துகிறாள். எந்த ஊரில்? உங்களுக்கெதற்கு?

சவுகத் அலி திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? சாவி அவசியம் வேண்டும் என்றுதான் இன்றும் பேசுகிறார், ஊரார் போனுக்கு.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். ஆனால் இதைப் படிக்கையில் பஸ்சில் பக்கத்து ஆள் எட்டிப் பார்த்ததும், போனை மெல்லத் திருப்பிக்கொண்டீர்களே, அதில் அப்படி என்ன தப்பு இருந்தது?