கதாநாயகன் வாயைத் திறந்தால்

பழைய மாணவர்கள் கூடும் விழாவுக்காக ஊர் ஊராய்த் தேடி வாங்கிய படச்சுருளை ஓட்டிப் பார்த்ததும், விழாவை நடத்தும் வெர்னா தலையில் கை வைத்துக்கொண்டாள். அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள அந்தக் கல்லூரியே கொண்டாடும் ஃபுட்பால் வீரர் கிளைட் ஹாலிங்கர் இளமையில் கதாநாயகனாக நடித்த ஒரே படம். மைதானத்தில் புலி, கேமரா முன்னால் மரக்கட்டை. காதலியிடம்கூட 'பந்தை இப்படித் தள்ளு' என்கிற குரலில்தான் பேசினார்.

"நாளைக்கு மனுஷன் பேரப்பிள்ளைங்களோட முதல் வரிசைல உக்காரப்போறாரு. ஊரே சிரிச்சா தாங்குவாரா?" என்றாள், படம் ஓட்டும் எர்லிடம்.

"காதல் சீனை வெட்டிடும்மா. அதான் இருக்கறதுலயே மோசம்."

வெட்டி ஒட்டினார்கள். வெட்டு கொஞ்சம் தள்ளி விழுந்துவிட்டது. இப்போது கிளைட் மண்டியிட்டு, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்க, அடுத்த காட்சியில் கோச் சுருட்டைக் கடித்துக்கொண்டு, "சரி, ஆனா ஒழுங்கா ஓடணும்" என்றார்.

எர்ல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெர்னாவுக்கு அழுகை வந்தது.

அவள் நேரே பேண்டு மாஸ்டர் லோவலிடம் ஓடினாள். "படத்துல அவர் மண்டி போடற அந்த ஒரு இடத்துல மட்டும் நம்ம கல்லூரிப் பாட்டை வாசிச்சிடுங்க. வசனம் கேக்கக் கூடாது."

"அவ்வளவுதானே? ஜமாய்ச்சிடலாம்."

மறுநாள் படத்தில் கிளைட் முதல் வசனத்துக்கு வாயைத் திறந்தார். பேண்டு முழங்கியது. கல்லூரிப் பாட்டு ஒலித்தால் எழுந்து நின்று பாடியே ஆகவேண்டும். அரங்கமே எழுந்து பாடியது. உட்கார்ந்ததும் அடுத்த வசனம். மறுபடி பேண்டு, மறுபடி எல்லாரும் எழுந்தார்கள். பாப்கார்ன் சிதறியது, முட்டிகள் முனகின.

"படத்தைப் பாக்க விடுங்கய்யா!" என்று யாரோ கத்தினார்.

நிறுத்தச் சொல்லி இருட்டில் வெர்னா கையை ஆட்டினாள். லோவல் தலையாட்டிவிட்டு முரசையும் சேர்த்துக்கொண்டார். கடைசிவரை ஒரு வசனம்கூட யார் காதிலும் விழவில்லை.

விளக்கு எரிந்தது. கிளைட் கண் கலங்க வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."

நல்ல மனுஷன், நமக்காகச் சொல்கிறார் என்று வெர்னா கூனிக் குறுகினாள். அவர் நகர்ந்ததும் லோவல் மேல் பாய்ந்தாள்.

"ஒரே ஒரு இடம்னுதானே சொன்னேன்! அவர் படத்தையே கெடுத்துட்டீங்களே!"

லோவல் நிதானமாக டிரம்பெட்டைத் துடைத்தார்.

"நான் என்ன பண்றது? காலைல அவரே வந்தாரு. 'அந்தப் பொண்ணு ஆசையா தேடிக் கொண்டுவந்திருக்கு, வேண்டாம்னு சொன்னா மனசு நொந்துபோகும். நான் வாயைத் திறக்கறப்பல்லாம் வாசிச்சிடு'ன்னு கெஞ்சிட்டுப் போனாரு."