ஞானும் பட்டியாணு

எனக்கு ஐந்து மொழி தெரியும் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இப்போது அதில் ஒன்றைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. (தமிழ் போக மிச்சம் மூன்றை இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.)

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் என்னை வகுப்புக்கு வெளியே போய் நிற்கச் சொன்னார். வெளியே வந்தவன் நிற்கவில்லை, நேராக நடந்து இலஞ்சிக்கு வந்துவிட்டேன். எண்ணெய் மில்லில் மூட்டை தூக்கினேன். தூக்கிய மில்லையே பின்னால் வாங்கினேன். இன்றைக்கு இலஞ்சியில் என் தேங்காய் எண்ணெய் படாத தலை என்று ஒன்று இருந்தால் அது மொட்டைத் தலையாகத்தான் இருக்கும். (மொட்டைத் தலைக்கும் இரண்டு பேர் வாங்குகிறார்கள்.)

பிறந்த ஊர் ஆலங்குளம் பக்கம் கருவேலம்பட்டி. அவ்வளவு நீளப் பெயரை எங்கள் பக்கம் யாரும் வாயில் வைத்து மெல்வதில்லை. ‘பட்டிக்குப் போறேன்’, ‘பட்டியில மழையா?’ என்பதோடு சரி. அதனால் இலஞ்சியில் எனக்கே ‘பட்டி அண்ணாச்சி’ என்று பெயர் ஆகிவிட்டது. என் சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

என் மனைவி பேச்சியம்மாள் மகளிர் குழுவில் சேர்ந்து சோப்புச் செய்யக் கற்றுக்கொண்டாள். எண்ணெய் என் மில் எண்ணெய். வேப்பிலையும் குப்பைமேனியும் வீட்டுக் கொல்லையில் பறித்தது. பச்சைப் பசேலென்று முந்நூறு கட்டி அறுத்து, மாடி அறையில் நாற்பது நாள் காயப்போட்டாள். அந்த நாற்பது நாளும் மாடிக்கு எனக்கு அனுமதி இல்லை. (என் வீடு. நான் கட்டிய மாடி.)

குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் நாலு நாள் கைவினைப் பொருள் விற்பனைக்குப் பந்தல் போட்டார்கள். ஓலைப்பெட்டிக்காரி, ஒயர் கூடைக்காரி, மண் பொம்மைக்காரி என்று குழுக்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மேசை. விற்பனையைக் கவனித்த மேடம் ஒரு சேதி சொல்லியிருந்தார். நாலு நாளில் யாருடைய சரக்கு முழுசாகத் தீருகிறதோ, அவர்களுக்குத் தென்காசியில் வரப்போகும் நிரந்தரக் கடையில் ஓர் அலமாரி.

அந்த அலமாரி மேல் பேச்சிக்கு ஆசை வந்துவிட்டது. நகை, புடவை என்று என்னிடம் வாய்விட்டுக் கேட்காதவள், அன்றைக்குச் சொன்னாள்: “அதுல ‘பேச்சி’ன்னு எழுதி என் சோப்பு இருக்கணும். அது போதும் எனக்கு.”

“ஏட்டி, இம்புட்டுதானா? செய்யது ஒன் வேலை, விக்கது என் வேலை. நீ வீட்டுல இரி. ஒரு கட்டி மிச்சம் வந்தா என் பேரை மாத்திக்கிடுதேன்.”

பேர் மாறத்தான் செய்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வியாபாரத்தில் என் புத்தி எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள். சீசனுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மலையாளிகள். மலையாளத்தில் போர்டு வைத்தால் மற்ற மேசைக்காரிகள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். செங்கோட்டையில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைக்குப் போனேன்.

“தம்பி, மேல ‘நம்ம பட்டி’ன்னு பெருசா மலையாளத்துல போடு. கீழ என் போட்டோ. அதுக்குக் கீழ ‘சோப்பு’.”

பேச்சியின் பெயர்? அதை எழுத இடம் இல்லை. என் போட்டோ பெரிசு. வெள்ளைச் சட்டை, திருநீறு, முறுக்கிய மீசை, இரண்டு கையும் கூப்பி, மோதிரம் தெரிகிற மாதிரி.

தட்டச்சு செய்துகொண்டிருந்தவன் பாதியில் கையை எடுத்துவிட்டான். “அண்ணாச்சி, கோவப்படாதீங்க. பட்டின்னா அங்கன...”

“அங்கன இங்கன எல்லாம் எனக்குத் தெரியும்லே! ஒனக்கு மீசை மொளைக்கும் முன்னயே நான் மலையாளம் பேசுனவன். சொன்னதை அடி.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். போட்டோவைப் பார்த்தான். அடித்துக் கொடுத்தான். நான் தெருத் திரும்புகிற வரையில் கடைக்குள் ஏதோ சிரிப்புச் சத்தம் கேட்டது. பக்கத்துக் கடையில் டிவி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் பந்தலில் ஃப்ளெக்ஸைக் கட்டி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, மலையாளிகள் கூட்டம் கூட ஆரம்பித்தது. தமிழ்க் கூட்டம் அல்வாக் கடைக்கும் நேந்திரம் சிப்ஸுக்கும் போய்விட்டது. மலையாளிகள் அத்தனை பேரும் என் முன்னால். ஃப்ளெக்ஸைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், முகம் மலர்ந்துவிடும். அதில் பாதிப்பேர் என் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். நானும் மீசையை நீவிவிட்டுக்கொண்டு கை கூப்பி நின்றேன். (பக்கத்து மேசை ஒயர் கூடைக்காரியைப் பார்த்து, ‘இதுக்கெல்லாம் ஒரு முகராசி வேணும்’ என்று வேறு சொன்னேன்.)

ஒருவர் சோப்பை முகர்ந்து பார்த்துக் கேட்டார்: “சேட்டா, இதுகொண்டு செள்ளு போகுமோ?”

செல்லு! செல்போனில் பணம் போகுமா என்கிறார். இந்த அளவுக்காவது எனக்கு மலையாளம் தெரியாதா? மேசையில் ஒட்டியிருந்த கட்டம்போட்ட அட்டையைக் காட்டினேன்.

“போகும், போகும். காட்டுன உடனே போகும். டவர் கிடைச்சாப் போதும்.”

“டவரோ?” என்று மனுஷன் திகைத்தார். இருந்தாலும் நாலு கட்டி வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் நாள் ஒரு அம்மாள். “ரோமம் கொழியுமோ?”

முடி கொட்டுமா என்று கேட்கிறாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மீசையைத் திருகிக் காட்டினேன். “இங்க பாருங்க. தினமும் இதாணு ஞான் போடுறது. ஒரு முடி கொழிஞ்சிருக்கா?” (மலையாளம் என்பது தமிழோடு அங்கங்கே ‘ஆணு’ தூவுவதுதான் என்பது என் முடிவு.)

அந்த அம்மாள் ஓரடி பின்னால் போனாள். “சேட்டன் இதுகொண்டாணோ குளிக்குன்னது?”

“பின்னே! எங்க ஊரு சோப்பு, நான் போடாம யாரு போடுவா?” என்று நெஞ்சில் தட்டிச் சொன்னேன்: “ஞானும் பட்டியாணு!”

அவள் கணவர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாரல் ஈரத்தில் வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். எழுந்தவர் “ஒன்னுகூடிப் பறயு சேட்டா” என்று செல்போனைத் தூக்கிப் பிடித்தார். இன்னொரு முறை சொல்லச் சொல்கிறார். எனக்கென்ன, சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அன்று சாயங்காலத்துக்குள் அதைக் கேட்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் குறை வைக்காமல் சொன்னேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மிச்சம் அறுபது கட்டி. பேச்சி சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். அதே நேரத்துக்கு, முதல் நாள் சோப்பு வாங்கிய ஒருவர் குடும்பத்தோடு திரும்பி வந்தார். அவர் கையில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி, குளித்து முடித்து மினுமினுவென்று.

“நல்ல சோப்பாணு சேட்டா. இதாணு ஞங்களுடெ பட்டி!” என்றார்.

இவருடைய ஊரும் பட்டியா! அந்நிய தேசத்தில் சொந்த ஊர்க்காரனைக் கண்ட சந்தோஷம் எனக்கு. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “அப்படியா! ஞானும் பட்டியாணு!”

பின்னால் தூக்குச்சட்டி விழுகிற சத்தம் கேட்டது. புளிக்குழம்பு என் வேட்டிக் கரை வரைக்கும் ஓடி வந்தது.

“என்னத்தச் சொன்னீய?” என்றாள் பேச்சி.

“இவரும் பட்டியாம்ட்டி. நானும் பட்டின்னு சொல்லுதேன்.”

“பட்டின்னா மலையாளத்துல நாய்.”

நான் நாய்க்குட்டியைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. அப்புறம்தான் தலையைத் தூக்கி ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். ‘நம்ம நாய்’. கீழே கை கூப்பியபடி நான். அதற்குக் கீழே சோப்பு.

பேச்சி நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். செள்ளு என்றால் செல்போன் இல்லையாம், நாயின் உடம்பில் ஓடுகிற தெள்ளுப்பூச்சியாம். ரோமம் என்றது என் மீசையை இல்லையாம். டவரைப் பற்றிச் சொன்னபோது அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

“அது சரி, ஒனக்கு எப்படி மலையாளம் தெரியும்?” என்றேன்.

“நான் பொறந்தது புளியரை. தாண்டுனா கேரளா. சின்னப்பிள்ளையில இருந்து பேசுதேன். நாப்பது வருசமா ஒங்களோட குடும்பம் நடத்துதேன், ஒரு நாளாவது கேட்டீயளா?”

கேட்கவில்லை. ஐந்து மொழி தெரிந்தவன் எதற்காக இன்னொருத்தரிடம் கேட்க வேண்டும்?

அந்த நேரம் பார்த்து மேடம் வந்துவிட்டார். யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். (ஒயர் கூடைக்காரி மேல் எனக்குச் சந்தேகம். நிரூபிக்க முடியாது.)

“ஏம்மா பேச்சியம்மாள், குளியல் சோப்புன்னு பதிஞ்சிட்டு நாய் சோப்பு விக்கிறீங்களா? இதை நான் எப்படிக் கடை அலமாரியில வைக்க முடியும்?”

பேச்சியின் முகத்தை அப்போது நான் பார்த்திருக்கக் கூடாது. முந்நூறு கட்டியையும் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிக் காயப்போட்ட கை, சேலை நுனியைப் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தது. மூட்டை தூக்கிய காலத்தில்கூட என் தோள் அப்படிக் கனத்ததில்லை.

“மேடம், இது மனுசன் போடுத சோப்புதான். நான் வேணா...” என்று இழுத்தேன்.

“நீங்க வேணா என்ன, நீங்கதான்” என்றாள் பேச்சி. குரல் மாறியிருந்தது. “சட்டையைக் கழத்துங்க.”

“ஏட்டி!”

“கழத்துங்கன்னேன். அருவியில சோப்புப் போடக் கூடாது. பின்னால குழாய் இருக்கு. வாங்க.”

அப்படியாக, இலஞ்சி எண்ணெய் மில் அதிபராகிய நான், இடுப்பில் ஒரு துண்டோடு பந்தலுக்குப் பின்னால் குழாயடியில் குத்தவைத்தேன். பேச்சி வாளியால் மொண்டு ஊற்றினாள். சாரல் காற்றில் பல் கிட்டியது. பச்சைச் சோப்பை என் தலையில் வைத்துத் தேய்த்தாள் பாருங்கள், நாற்பது வருஷத்துக் கணக்கும் அந்தத் தேய்ப்பில் இருந்தது.

“பட்டி குளிக்குன்னு!” என்று ஒரு குரல். அவ்வளவுதான். அல்வாக் கடையில் நின்ற கூட்டம், சிப்ஸ் கடையில் நின்ற கூட்டம், அருவிக்குப் போன கூட்டம் எல்லாம் குழாயடிக்கு வந்துவிட்டது. கண்ணுக்குள் நுரை போனதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காது மட்டும் கேட்டது.

பேச்சி மலையாளத்தில் வெளுத்து வாங்கினாள். இத்தனை வருஷம் அந்த மொழியை எங்கே வைத்திருந்தாளோ! “இது மனுஷன்மார்க்குள்ள சோப்பாணு. வேப்பிலயும் வெளிச்செண்ணயும். ஈ இரிக்குன்னது பட்டியல்லா. என்றெ கெட்டியோனாணு.” கொஞ்சம் நிறுத்தி, என் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சொன்னாள்: “பேடிக்கண்டா. கடிக்கில்லா.”

உட்கார்ந்திருப்பது நாய் இல்லையாம், அவள் புருஷனாம். பயப்பட வேண்டாமாம். கடிக்க மாட்டேனாம்.

மேடம் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் துடைத்து முடித்துச் சட்டை போடும்போது மேசையில் பாக்கி எட்டுக் கட்டி. அதை மேடமே வாங்கிக்கொண்டார். நாலாம் நாள் விற்பதற்குச் சரக்கு இல்லை. பேச்சி ஃப்ளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். “மில்லுல எள்ளு காயப்போட ஆவும்.”

அன்றைக்கு ராத்திரி துபாயிலிருந்து மகன் போன் செய்தான். “எப்பா, ஒங்க வீடியோ எங்க ரூமுக்கு வந்துட்டு. ஆலப்புழைக்காரன் ஒருத்தன் காட்டுதான். எங்க அப்பான்னு நான் சொல்லிக்கிடவா வேண்டாமா?”

இப்போது தென்காசிக் கடையில் அலமாரி இருக்கிறது. மேல் தட்டில் ‘பேச்சி’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய சோப்பு. கீழ்த்தட்டில் இன்னொன்று இருக்கிறது. மலையாளிகள் விடாமல் கேட்டதால் நாய்க்கென்றே தனியாகச் செய்து, ‘பட்டி’ என்று பெயர் போட்டாள். உறையில் என் மீசை. கீழ்த்தட்டுதான் முதலில் காலியாகிறது என்பதை இங்கே தெரிவித்துக்கொள்கிறேன். முகராசி என்று நான் சொன்னது பொய்யில்லை.

வீட்டில் நான் கோபப்பட்டுச் சத்தம் போட்டால் யாரும் பயப்படுவதில்லை. மகள் பிள்ளைகள்கூட “பேடிக்கண்டா” என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்கிறார்கள். போன மாதம் புனலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்தவர் என்னையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சேட்டன் ஆ பட்டியல்லே?”

‘அந்தப் பட்டி நீங்கள்தானே?’ என்கிறார். நான் ஐந்து மொழியையும் விட்டுவிட்டு அப்பளத்தை நொறுக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் பேச்சி பாயசத்தை உறிஞ்சியபடி, இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

“அதே. கடிக்கில்லா.”